மெலிந்த இடத்திற்கு ஓர் ஒட்டு



நம் தையல் வகுப்பில் முதன்முதலாகக் கற்றுத்தரும் பாடம் ஒன்றை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பாவாடைப் பட்டியில் கொக்கி வைக்கும்போது, ஒற்றைத் துணியின் மீது நேரே தைத்துவிடக் கூடாது. உள்பக்கம் சிறு துணித்துண்டு ஒன்றை வைத்து, இரண்டையும் சேர்த்துத் தைக்க வேண்டும். சட்டையின் பக்கப் பிளவு எங்கே முடிகிறதோ அங்கே நாலு தையல் கூடுதலாகப் போட வேண்டும். ஏன்? துணி எங்கும் ஒரே துணிதான். ஆனால் இழுவிசை எங்கும் ஒரே இழுவிசை அன்று. அது வந்து கூடுகின்ற இடம் ஒன்று உண்டு. கிழிசல் பிறப்பது அந்த இடத்தில்தான்.

இதே பாடத்தைத்தான் இன்று பெரிய மாதிரி ஜெட் விமானங்களைக் கட்டுவோரும் படிக்கிறார்கள் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? ஊசியும் நூலும் அங்கே இல்லை. அவற்றிற்குப் பதிலாக எபாக்ஸிப் பசையும் கண்ணாடியிழைத் துணியும் இருக்கின்றன. ஆனால் கேள்வி ஒன்றுதான்: மெலிந்த இடம் எது? அதை எப்படி வலுப்படுத்துவது?

மாதிரி என்றால் பொம்மையா?

1937-இல் அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர்கள் "கஃப்" என்று பெயரிட்ட ஒரு மாதிரி விமானத்தை வானொலி அலைகளின் துணைகொண்டு தரையிலிருந்தே இயக்கிப் பறக்கவிட்டார்கள். அந்நாளில் மாதிரி விமானத்தை இழுத்துச் சென்றது ஒரு சிறு பெட்ரோல் எஞ்சினும் அதன் முனையில் சுழலும் விசிறியும்தான். உண்மையான ஜெட் எஞ்சினை மாதிரி விமானத்திற்கேற்பச் சிறிதாக்குவது எளிதாக இல்லை. 1980-களின் இறுதியில் ஜெர்மனியைச் சேர்ந்த குர்ட் ஷ்ரெக்லிங் என்பவர், வீட்டுப் பட்டறையிலேயே கட்டக்கூடிய ஒரு சிறு டர்பைன் எஞ்சினை உருவாக்கிக் காட்டினார். அதிலே ஒரு சுவையான செய்தி உண்டு. காற்றை அழுத்தும் சக்கரத்தை அவர் உலோகத்தில் வார்க்கவில்லை, ஒட்டுப்பலகையில் செய்தார். நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழலும்போது மரம் சிதறிவிடுமே! அதைத் தடுக்கக் கரியிழையைக் கட்டுப்போல் சுற்றிப் பசையிட்டு இறுக்கினார். மெலிந்த இடத்திற்கு ஓர் ஒட்டு! மாதிரி ஜெட் எஞ்சினின் வரலாறே அப்படித்தான் தொடங்குகிறது.

இன்றைய மாதிரி டர்பைன்கள் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடுகின்றன. நிமிடத்திற்கு 1,00,000 சுற்றுகளையும் தாண்டிச் சுழல்கின்றன. அவை வெளியேற்றும் வாயுவின் வெப்பம் 600 டிகிரி செல்சியஸுக்கு மேல். இத்தகைய எஞ்சின் பொருத்திய பெரிய மாதிரி விமானம் 15 முதல் 25 கிலோகிராம் வரை எடை இருக்கும். மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் எளிதாகப் பறக்கும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 கிலோகிராம் எடையுள்ள மாதிரி விமானம் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 48,000 ஜூல். 1,000 கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது பெற்றிருக்கும் ஆற்றலும் இவ்வளவுதான். மைதானத்தின் ஓரத்திலே குழந்தைகள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வானத்தில் ஒரு சிறகு ஒடிந்தால், அந்த ஆற்றல் முழுவதும் யார்மீது வந்து விழும் என்று யாரால் சொல்ல முடியும்? எனவே, இதைப் பொம்மை என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது.

சிறகின் வேர்

பெரிய மாதிரி விமானத்தை வண்டியில் ஏற்றிச் செல்ல வேண்டியிருப்பதால் சிறகுகளைக் கழற்றி மாட்டும்படி செய்வார்கள். உடலின் குறுக்கே அலுமினியத்தாலோ கரியிழையாலோ ஆன குழாய் ஒன்று போகும். இரு சிறகுகளும் அதில் செருகிக்கொள்ளும். சிறகின் பாரமெல்லாம் இந்தக் குழாயின் வழியாகத்தான் உடலுக்கு வந்து சேர வேண்டும்.

அது எவ்வளவு பாரம்? நேராகப் பறக்கும்போது 20 கிலோகிராம்தான். ஆனால் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் 50 மீட்டர் ஆரத்தில் விமானம் வளைந்தால், மையநோக்கு விசை எடையைப்போல் ஏறத்தாழ 10 மடங்காகிவிடும். நாம் பௌதிகப் பாடத்தில் படித்த சூத்திரத்தில் எண்களைப் போட்டுப் பாருங்கள், விடை அதுவே. அப்படியானால் இரு சிறகுகளும் சேர்ந்து 200 கிலோகிராம் பாரத்தைத் தாங்க வேண்டும். ஒவ்வொரு சிறகிலும் ஒரு குவிண்டால் மூட்டையைத் தொங்கவிட்டதற்கு ஒப்பாகும் இது!

குழாய் பெரும்பாலும் தாங்கிவிடும். ஒடிவது குழாய் அன்று. குழாயைப் பிடித்திருக்கும் மரம். சிறகினுள் குழாய் செருகும் உறையைச் சுற்றியுள்ள பலகை பால்சா மரத்தால் ஆனது. ஈக்குவடோர் நாட்டில் மிகுதியாக விளையும் இம்மரம் தக்கைபோல் இலேசானது. நகத்தால் அழுத்தினாலும் பள்ளம் விழும். அதில் குழாய் சிறிது சிறிதாக அசைந்து துளையைப் பெரிதாக்கும். ஆகவே, முதல் இரண்டு மூன்று விலா எலும்புகளுக்குப் (சிறகின் குறுக்குப் பலகைகளை இப்படித்தான் அழைப்பார்கள்) பக்கத்தில் பிர்ச் மரத்தின் ஒட்டுப்பலகைத் தகடுகளை ஒட்டுவார்கள். ஒட்டுப்பலகையில் ஓர் அடுக்கின் நார் நெடுக்காகவும் அடுத்த அடுக்கின் நார் குறுக்காகவும் ஓடுவதால் எத்திசை இழுத்தாலும் அது பிளவாது. பின்பு உறையைச் சுற்றி மெல்லிய கண்ணாடியிழைத் துணியைப் பசையிட்டுச் சுற்றுவார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கரியிழையையும் அலுமினியத்தையும் நேரடியாக ஒட்டக் கூடாது. ஈரக் காற்றில் இரண்டும் சேர்ந்து மின்கலம்போல் செயல்பட்டு அலுமினியத்தை அரித்துவிடும். நடுவே ஓர் அடுக்குக் கண்ணாடியிழைத் துணியை வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

சக்கரத்தின் காலடி

மாதிரி ஜெட் விமானங்களில் மிகுதியாக உடைவது எது என்று கேட்டால், சக்கரக் கால்களைத் தாங்கும் பலகை என்றே சொல்லுவார்கள். இறங்கும் வேகம் மிகுதி, தரையோ புல்தரை. சக்கரம் ஒரு சிறு குழியில் பட்டாலும் கால் பின்னோக்கி இழுக்கப்படுகிறது. கால் நீளமானது, அது நெம்புகோல்போல் வேலை செய்து, நான்கு திருகாணிகளால் பிடிக்கப்பட்டுள்ள பலகையைப் பிடுங்கி எறிகிறது.

பலகையைத் தடிப்பாக்கினால் போதுமா? போதாது. பலகை எதனோடு ஒட்டியிருக்கிறதோ அது மெலிந்ததாக இருந்தால், தடித்த பலகை அப்படியே முழுதாகக் கழன்று வரும். விசை வந்து சேரும் இடத்தை மட்டும் பார்க்காமல், அது எவ்வழியே போய் எங்கே அடங்குகிறது என்று கடைசிவரை பின்தொடர்ந்து பார்க்க வேண்டும். சக்கரத்திலிருந்து காலுக்கு, காலிலிருந்து பலகைக்கு, பலகையிலிருந்து விலா எலும்புக்கு, அங்கிருந்து சிறகின் முதுகெலும்பான நெடுஞ்சட்டத்திற்கு. இந்தப் பாதையில் ஒவ்வொரு மூட்டையும் சோதிக்க வேண்டும். பலகையும் விலா எலும்பும் சேரும் மூலையில், பஞ்சுத்தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸிப் பசையை விரலால் வழித்து வளைவாக நிரப்புவார்கள். செங்கோண மூலையில் கூடுகின்ற விசை, வளைந்த மூலையில் பரவிப் போய்விடும்.

மூலை செய்த கொலை

மூலையின் கொடுமையை உலகம் உணர்ந்தது ஒரு பெருந்துயரத்தின் வாயிலாகத்தான். 1952 மே 2-இல் பிரிட்டனின் "காமெட்" விமானம் பயணிகளை ஏற்றிக்கொண்டு இலண்டனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் நோக்கிப் புறப்பட்டது. பயணிகள் சேவையில் இறங்கிய முதல் ஜெட் விமானம் அதுவே. ஆனால் 1954 ஜனவரி 10-இல் ஒரு காமெட் விமானம் இத்தாலியின் எல்பா தீவருகே வானிலேயே சிதறியது. 35 பேர் மாண்டனர். அதே ஆண்டு ஏப்ரல் 8-இல் மற்றொன்று நேப்பிள்ஸ் அருகே கடலில் விழுந்தது. 21 பேர் மாண்டனர்.

ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு முழு விமான உடலைப் பெரிய தொட்டிக்குள் வைத்து, உள்ளே தண்ணீரை அழுத்தி அழுத்தி விட்டு, ஆயிரக்கணக்கான பயணங்களின் களைப்பை அதற்கு ஊட்டினார்கள். ஒரு நாள் அது பிளந்தது. பிளவு தொடங்கிய இடம், உடலில் வெட்டியிருந்த திறப்பு ஒன்றின் மூலை! உலோகத்திற்கும் களைப்பு உண்டு. அந்தக் களைப்பு முதலில் மூலைகளையே தாக்குகிறது என்பது அன்று தெளிவாயிற்று. பின்னர் வந்த காமெட் விமானங்களுக்குத் தகட்டைத் தடிப்பாக்கி, ஜன்னல்களின் வடிவையும் மாற்றினார்கள்.

மாதிரி விமானத்திலும் எரிபொருள் தொட்டியையும் மின்கலத்தையும் வைக்க உடலில் மூடி வெட்டுவார்கள். அந்த மூடியின் நான்கு மூலைகளையும் உருண்டையாக அறுத்து, விளிம்பைச் சுற்றிக் கண்ணாடியிழைத் துணியை உள்பக்கம் ஒட்டுவது அந்த 56 உயிர்கள் நமக்கு விட்டுச்சென்ற பாடமாகும்.

வாலின் படபடப்பு

மின்விசிறிக்கு முன்னால் ஒரு தாளின் ஓரத்தைப் பிடித்துப் பாருங்கள். அது படபடவென்று அடித்துக்கொள்ளும். பரீட்சை அட்டையைப் பிடியுங்கள், அசையாது. காற்று ஒன்றுதான், விறைப்பில்தான் வேற்றுமை. விமானத்தின் வாலும் அதன் அசையும் பாகங்களும் குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டும்போது இப்படிப் படபடக்கத் தொடங்கினால், காற்றே அந்த ஆட்டத்திற்கு மேலும் மேலும் ஆற்றல் ஊட்டும். ஓரிரு வினாடிக்குள் வால் பிய்ந்து போகலாம். சிறகின் ஒரு துண்டை இழந்த விமானத்தைக்கூடச் சிலர் தரையிறக்கியிருக்கிறார்கள். வாலை இழந்த விமானத்தை யாரால் காப்பாற்ற முடியும்?

இதற்கு மருந்து மூன்று. முதலாவது, இணைப்புகளில் ஆட்டம் இல்லாமல் செய்வது. பாகத்தை அசைக்கும் சிறு மின்பொறிக்கு "செர்வோ" என்று பெயர். அதிலிருந்து போகும் தண்டு வளையக் கூடாது. தண்டு மாட்டும் கொம்பு நைலானாக இல்லாமல் கண்ணாடியிழைத் தகடாக இருந்து, உள்ளே புதைத்த மரக்கட்டையோடு ஒட்டியிருக்க வேண்டும். இரண்டாவது, அசையும் பாகத்தின் முன்விளிம்பில் சிறிது ஈயம் வைத்து எடையைச் சமன்செய்வது. மூன்றாவது, முறுக்கைத் தாங்கும்படி மேற்பரப்பை விறைப்பாக்குவது.

இந்த மூன்றாவது மருந்தில் மீண்டும் நம் தையல் வகுப்பு வருகிறது. துணியை நெடுக்கு நூல் வழியே இழுத்தால் நீளாது. கிராஸாக இழுத்தால் நீளும் என்பது நமக்குத் தெரியும். ஏனென்றால் அப்போது எந்த நூலும் இழுவிசையின் திசையில் இல்லை. முறுக்கு விசை என்பது 45 டிகிரி சாய்வில் இழுக்கும் விசையாகும். ஆகவே, வாலின் மேற்பரப்பில் கண்ணாடியிழைத் துணியைக் கிராஸாக வெட்டி ஒட்டினால், நூல்கள் அந்தச் சாய்ந்த திசையிலேயே ஓடி முறுக்கை எதிர்த்து நிற்கும். அதே துணி, அதே எடை. வைக்கும் கோணம் மாறியதால் வலிமையே மாறிவிடுகிறது!

ஒரு பெண்மணி தந்த இழை

வலுப்படுத்தும் இழைகள் முக்கியமாக மூன்று. கண்ணாடியிழை மலிவானது, எங்கும் பயன்படும். கரியிழை மிகவும் விறைப்பானது. ஆனால் மின்சாரத்தைக் கடத்துவதால் வானொலி அலையை மறித்துவிடும். இன்றைய கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளில் இயங்குகின்றன. வலுப்படுத்துகிறேன் என்று ஏற்பியின் அலைவாங்கியைச் சுற்றிக் கரியிழைத் துணியை ஒட்டினால், ஓட்டுபவரின் கட்டளையே விமானத்திற்கு எட்டாமல் போகும். உடல் வலுவாக இருந்தும் செவி அடைபட்ட கதைதான்.

மூன்றாவது கெவ்லார். அதைத் தந்தவர் ஒரு பெண் என்பதில் நாம் பெருமைப்படலாம். ஸ்டெஃபனி க்வாலெக் 1923-இல் அமெரிக்காவில் போலந்துக் குடியேறிகளின் மகளாகப் பிறந்தார். பத்து வயதில் தந்தையை இழந்தார். தாயிடமிருந்து துணியிலும் தையலிலும் ஆசை பெற்றார். மருத்துவம் படிக்கப் பணம் சேர்க்கலாம் என்று எண்ணி 1946-இல் டுபான்ட் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், வேதியியலிலேயே நிலைத்துவிட்டார். 1965-இல் அவர் தயாரித்த ஒரு கரைசல் கலங்கலாகவும் நீர்த்தும் இருந்தது. நூல் நூற்கும் இயந்திரத்தின் நுண்துளைகளை அடைத்துவிடும் என்று அதை நூற்கவே தயங்கினார் உடன் வேலை செய்தவர். ஸ்டெஃபனி விடவில்லை. நூற்றுப் பார்த்தபோது கிடைத்ததோ, எடைக்கு எடை எஃகைப்போல் ஐந்து மடங்கு உறுதியான இழை! 2014-இல் அவர் மறைந்தார். குண்டு துளைக்காத அங்கிகளில் அவ்விழை எத்தனையோ உயிர்களைக் காத்துவருகிறது. மாதிரி விமானங்களில் மூக்கு, சக்கரக்குழி போன்ற அடிபடும் இடங்களில் அதை ஒட்டுவார்கள். ஆனால் இழுத்தால் தாங்கும் கெவ்லார், அழுத்தினால் அவ்வளவு தாங்காது என்பதையும் அறிந்தே பயன்படுத்த வேண்டும்.

ஒட்டும் முறை

ஒட்டு நிலைக்குமா என்பது பசையைவிடப் பரப்பைப் பொறுத்தது. வழவழப்பான பரப்பில் எப்பசையும் பிடிக்காது. முரட்டு உப்புத்தாளால் நன்கு தேய்த்து, தூசியைத் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு நீங்க ஸ்பிரிட்டால் கழுவ வேண்டும். கையுறையும் முகமூடியும் இல்லாமல் இழைத் தூசியின் அருகே போகக் கூடாது. எபாக்ஸியின் இரு பாகங்களையும் சொன்ன விகிதத்திலேயே கலக்க வேண்டும். கெட்டியாக்கியைச் சற்றுக் கூட ஊற்றினால் மேலும் உறுதியாகும் என்று எண்ணுவது தவறு. பசை மெலிந்துதான் போகும். துணி நனைந்தால் போதும். பசையில் மிதக்கக் கூடாது. வலிமை தருவது இழை. பசை அதைப் பிடித்திருக்க மட்டுமே.

ஒட்டுத்துணியை ஒரே அளவில் மூன்று அடுக்காக வைப்பது பெரும்பிழை. ஒட்டு முடியும் விளிம்பில் விறைப்பு திடீரென்று மாறுவதால், பழைய இடத்தில் உடையாமல் அந்த விளிம்பில் உடையும். அடுக்குக்கு அடுக்கு அளவைக் குறைத்து, படிப்படியாக முடிக்க வேண்டும். பழைய ஆடையில் கோடித்துணியை ஒட்டுப்போடுவது பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமையை மத்தேயு நற்செய்தியில் படித்திருக்கிறோம். ஒட்டின் வலிமையே கிழிசலைப் பெரிதாக்கிவிடும் என்பதைத் தச்சுப் பட்டறையில் வளர்ந்த அவர் நன்கு அறிந்திருந்தார்!

வெப்பத்தையும் மறக்கக் கூடாது. சாதாரண எபாக்ஸி 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே இளகத் தொடங்கலாம். எஞ்சினின் புகைக்குழாய் இரட்டைச் சுவருள்ள துருப்பிடிக்காத எஃகால் ஆனது. நடுவே காற்று ஓடி உடலைக் காக்கிறது. அதனருகே வெப்பம் தாங்கும் பசையையே பயன்படுத்த வேண்டும்.

எல்லா இடத்தையும் வலுப்படுத்திவிட்டால் என்ன? விமானம் எழும்பாது! வால் பகுதி ஈர்ப்பு மையத்திலிருந்து 1.2 மீட்டர் பின்னாலும், மூக்கு 0.8 மீட்டர் முன்னாலும் இருப்பதாகக் கொள்வோம். வாலில் 40 கிராம் ஒட்டினால், சமன்செய்ய மூக்கில் 60 கிராம் ஈயம் வைக்க வேண்டும். 40 கிராம் ஒட்டின் விலை 100 கிராம்! ஆகவே வேண்டிய இடத்தில், வேண்டிய அளவே ஒட்டு.

சோதித்துப் பார்த்தல்

பானை வாங்கும்போது நம் பாட்டிமார் விரலால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் நல்ல பானை, மொத்தென்றால் விரிசல். விமானக்காரர்களும் ஒட்டின்மீது காசால் தட்டிப் பார்க்கிறார்கள். பிடிப்பு விட்ட இடத்தில் ஓசை மங்கும். அதன்பின் விமானத்தைத் தலைகீழாகத் தாங்கி வைத்து, சிறகின்மீது மணல் மூட்டைகளைப் பரப்பி, வானத்தில் வரப்போகும் பாரத்தைத் தரையிலேயே ஏற்றிப் பார்ப்பதும் உண்டு. பிரிட்டன், ஜெர்மனி போன்ற நாடுகளில் 25 கிலோகிராமுக்கு மேற்பட்ட மாதிரி விமானங்கள் தனிச் சோதனையும் அனுமதியும் பெற்றே பறக்கலாம்.

முடிவாக ஒன்று. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். மைதானத்தில் கைதட்டுவோர் பார்ப்பது பளபளக்கும் வண்ணத்தை மட்டுமே. உள்ளே, இருட்டில், விலா எலும்பின் மூலையில் யாரோ பொறுமையாகத் தேய்த்து ஒட்டிய சிறு துணித்துண்டை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் ஓரத்தில் நிற்கும் குழந்தை பத்திரமாக வீடு திரும்புவது அதனால்தான். அடுத்த முறை கொக்கிக்குக் கீழே அந்தத் துணித்துண்டை வைத்துத் தைக்கும்போது, "யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று விட்டுவிடாதீர்கள், தோழியரே!